குழந்தை தன் கதையை எழுதும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

ஆறேழு வயதுக் குழந்தையிடம் "விடுமுறையில் என்ன செய்தாய், எழுது" என்றால் பெரும்பாலும் பட்டியல்தான் வரும். போனோம், சாப்பிட்டோம், விளையாடினோம், வந்தோம், ஜாலியாக இருந்தது. உடனே குழந்தைக்கு எழுத வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஒரு மாதத்தை ஒரு பக்கத்தில் அடக்கச் சொன்னால் பெரியவர்களுக்கும் இதே கதிதான்.

'விடுமுறை' வேண்டாம். 'கடற்கரைக்குப் போனது' என்பதுகூடப் பெரிதுதான். 'அலை என் செருப்பை இழுத்துக்கொண்டு போனது' போதும். இரண்டு மூன்று நிமிடங்களில் நடந்து முடிந்த சங்கதியாக இருந்தால் குழந்தையால் அதை முழுதாக மனதில் வைத்துக்கொள்ள முடியும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, வாயால் சொல்லும் முன்பே பென்சிலைக் கையில் கொடுப்பது. இந்த வயதில் எழுத்துக்கூட்டுவதிலேயே கவனத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, ர-வா ற-வா என்று யோசிப்பதற்குள் கதை நழுவிவிடும். முதலில் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு ஒரு தாளை மூன்றாக மடித்துக் கொடுங்கள். முதல் கட்டத்தில் மணலில் கிடக்கும் செருப்பு, அடுத்ததில் அலை, மூன்றாவதில் முழங்கால் தண்ணீரில் ஓடும் அப்பா. ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டு, அதற்கான வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் எழுதலாம். 'படம் போட்டது போதும், எழுது' என்று விரட்டாதீர்கள். 1970களில் 7 வயதுக் குழந்தைகள் எழுதுவதை அருகிலிருந்து கவனித்த அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கிரேவ்ஸ், அவர்களில் பலருக்குப் படம் வரைவதே எழுத்துக்கான ஒத்திகையாக இருப்பதைக் கண்டார். இந்த வயதில் திட்டமிடுதல் என்பது இதுதான்.

கேள்வி கேட்பதிலும் சறுக்குகிறோம். "எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். நடந்ததைக் கேளுங்கள்.

"செருப்பு போனதும் என்ன ஆச்சு?"

"அப்பா ஓடினாரு."

"நீ?"

"நான் ஒத்தக் கால்ல நின்னுட்டே இருந்தேன்."

கதையின் உயிரான வாக்கியம் கிடைத்துவிட்டது. இதைப் பிடித்து 'நான் மிகுந்த கவலையுடன் காத்திருந்தேன்' என்று மாற்றிக் கொடுத்தால் அது உங்கள் வாக்கியம்; ஒற்றைக் காலில் நின்ற குழந்தை அதில் இல்லை. பேச்சுவழக்கில் எழுதினாலும் முதல் தடவை அப்படியே விட்டுவிடலாம். எழுத்துப் பிழைகளும் காத்திருக்கட்டும். கதை முடிந்த பிறகு ஒன்றிரண்டை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினால் போதும்.

நடுவில் திடீரென்று ஒரு சுறா வந்துவிடும். "பொய் சொல்லாதே" என்று அதட்டினால் குழந்தை அடுத்த முறை வாயே திறக்காது. "இது நிஜமாக நடந்ததா, நீ நினைத்துப் பார்த்ததா?" என்று கேளுங்கள். நினைத்துப் பார்த்தது என்றால், சுறாவுக்கு இன்னொரு தாளில் தனிக் கதை. அதே சமயம், குழந்தைக்கு நினைவில்லாததை நீங்கள் இட்டு நிரப்ப வேண்டாம். நீங்களும் அங்கே இருந்திருக்கலாம். ஆனாலும் குழந்தை பார்த்ததுதான் குழந்தையின் கதை.

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உங்களைத் திருப்திப்படுத்த 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்று ஒரு வரி சேரும். அடுத்த கதையிலும் அதே வரி வரும்.

கடைசியாக, எழுதியதை எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லும் முன் குழந்தையிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டுச் சண்டை, இழப்பு, பயம் எல்லாம் உண்மைக் கதைக்குள் வரக்கூடியவைதான். வேண்டாம் என்று குழந்தை சொன்னால் தாளை மடித்து அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பயப்படும்படியான எதையாவது எழுதியிருந்தால், அதை மதிப்பிடுவதை விட்டுவிட்டு, குழந்தையோடு உட்கார்ந்து பேசுங்கள்.