மீட்டர் வால்வை மூடியும் தண்ணி நிக்கலையா?

பாத்ரூம் டேப் ஒடஞ்சு தண்ணி பீச்சியடிச்சா முக்காவாசி பேரு வாசலுக்கு ஓடிப்போய் மீட்டர்கிட்ட இருக்கற வால்வைத்தான் திருகுவாங்க, ஆனா நம்ம சேலத்துல நெறைய வீட்ல அதனால ஒன்னும் நிக்காதுங்க. மேட்டூர்ல இருந்து வர்ற கார்ப்பரேஷன் தண்ணி நேரா சம்புக்கு போவுது, அப்புறம் மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏத்தறோம், கொழாய்க்கெல்லாம் வர்றது டேங்க் தண்ணிதான். அதனால உள்ள ஒழுகினா மாடிக்கு ஓடுங்க, வாசல்ல இருந்து சம்பு வரைக்கும் உள்ள லைன்ல ஒழுகினா மட்டும் மீட்டர் வால்வு.

மாடியில டேங்க் அடியில இருந்து எறங்குற பைப்ல வால்வு இருக்கும். சமையல்கட்டுக்கு ஒன்னு, பாத்ரூமுக்கு ஒன்னு, சோலார் இருந்தா அதுக்குத் தனியா ஒன்னுன்னு வச்சிருப்பாங்க, எது எதுக்குன்னு இன்னிக்கே ஒவ்வொன்னா மூடிப் பாத்து பெயிண்ட்ல எழுதி வச்சிருங்க. ராத்திரி டார்ச் அடிச்சுட்டு தேடறது பெரிய ரோதனை. மூடறதுக்கு முன்னாடி கீசர் சுவிட்சை ஆஃப் பண்ணிருங்க. மூடினப்புறமும் பைப்ல நிக்கற தண்ணி கொஞ்ச நேரம் வரும், பயப்படாதீங்க, கீழ் வீட்டு கொழாய ஒன்ன தொறந்து விட்டா வடிஞ்சுரும்.

வாசல் வால்வு காம்பவுண்டு சுவரு ஓரமா, கேட்டுக்குப் பக்கத்துல சின்ன குழிக்குள்ள, மேல சிலாப்போ இரும்பு மூடியோ போட்டு இருக்கும். குகை, செவ்வாப்பேட்டை பக்கம் பழைய வீடுகள்ல மேல டைல்ஸே ஒட்டியிருப்பாங்க, அப்படின்னா தண்ணி வுடற அன்னிக்கு சம்புல விழற பைப்ல இருந்து பின்னாடியே ரோட்டுப் பக்கமா பாத்துட்டு வாங்க. மூடியத் தூக்கினதும் கைய விட்றாதீங்க, குச்சியால கிளறிப் பாருங்க, தேள் கெடக்கும்.

லிவர் வச்சதுன்னா கால் திருகு போதும், லிவர் பைப்புக்கு குறுக்க நின்னா மூடியாச்சு. சக்கரம் வச்ச கேட் வால்வுன்னா வலது பக்கமா பல சுத்து சுத்தணும். உப்பு புடிச்சு எறுகிருந்தா பைப் ரெஞ்ச் போட்டு முறுக்காதீங்க, தண்டு ஒடஞ்சா வேலை பெருசாயிடும், எண்ணெய் விட்டு ஊற வச்சு அரைச் சுத்து அப்படி, அரைச் சுத்து இப்படின்னு ஆட்டி ஆட்டி வாங்க. தொறக்கும்போது மெதுவா தொறங்க, மொதல்ல காத்தும் செம்மண் கலர்ல தண்ணியும் புர்ருபுர்ருன்னு வரும்.

மீட்டர் இருந்தா இன்னொரு சவுகரியம், தண்ணி வர்ற நேரத்துல சம்புல பைப் வாய மூடிட்டு (ஃப்ளோட் வால்வு இருந்தா கையால தூக்கிப் புடிச்சா போதும்) மீட்டர்ல இருக்கற சின்ன நட்சத்திர சக்கரத்தப் பாருங்க, அது சுத்துதுன்னா நடுவுல எங்கயோ மண்ணுக்குள்ள ஒழுகுது. சக்கரம் சுத்தாம வாசல் மட்டும் ஈரமா இருந்தா ஒழுக்கு மீட்டருக்கு முன்னாடி, ரோட்டுப் பக்கம், அத நீங்க தோண்டாதீங்க, கார்ப்பரேஷன் ஆபீஸ்ல கனெக்‌ஷன் நம்பரைச் சொல்லி புகார் குடுங்க.