துளுவில் எண்ணப் பழகுவது எப்படி?

தட்சிண கன்னடம், உடுப்பி, காசர்கோடு பக்கம் பேசும் துளுவில் எண்ண, தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

ஒன்று முதல் பத்து வரை: ஒஞ்சி, ரட்ட், மூஜி, நாலு, ஐனு, ஆஜி, ஏளு, எண்ம, ஒர்ம்ப, பத்து. ஏழை 'ஏலு' என்பவர்களும் உண்டு. ஒஞ்சி, மூஜி, ஆஜி மூன்றையும் ஒரே கொத்தாக மனதில் வையுங்கள். இந்த எண்களில் தமிழில் றகரம் வரும் இடத்தில் இங்கே ஜகர ஒலி வருகிறது. கன்று கூட அங்கே கஞ்சிதான். எண்களில் நூறு மட்டும் நூது.

தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் உச்சரிப்பு கெடும். 'ரட்ட்' என்பதில் வருவது 'பட்டு' ஒலி அல்ல. 'பாடு' என்பதில் வரும் மெலிந்த டகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நாலு, ஐனு முடிவில் உதட்டைக் குவிக்காதீர்கள், பேச்சுத் தமிழின் குற்றியலுகரமே போதும்.

இருபது முதல் தொண்ணூறு வரை பத்துகள்: இர்வ, முப்ப, நல்ப, ஐவ, அஜிப, எள்ப, எண்ப, சொண்ப. இவற்றில் வரும் பகரம் 'பல்' போல வல்லொலி. 'எண்ப' என்பதை 'அன்பு' மாதிரி மெலித்துவிடுவதுதான் நம்மவர் வழக்கமாகச் செய்யும் பிழை. தொண்ணூறு தமிழில் நூறோடு சேர்ந்துகொண்டது. துளுவின் சொண்ப பத்து வரிசையிலேயே ஒழுங்காக நிற்கிறது. இந்த அழகுக்காகவே அதைக் கற்கலாம்!

தனியாக நிற்கும்போது விழுந்த 'த்து', அடுத்த எண் சேர்ந்தால் திரும்பி வரும்: இர்வத்தொஞ்சி (21), இர்வத்தைனு (25), முப்பத்தாஜி (36). இர்வ, ஒஞ்சி என்று வெறுமனே அடுக்கினால் ஒரு எண் ஆகாது. ஆயிரத்துக்கு சார.

அதிகம் பழக வேண்டியது ஆட்களை எண்ணுவது. ஓர் ஆண் ஒரி, ஒரு பெண் ஒர்த்தி. பிறகு இர்வெர், மூவெர், நால்வெர், ஐவெர். இரண்டு நாய்க்கு 'ரட்ட் நாயி' சரி. இரண்டு பிள்ளைகளுக்கு 'இர்வெர் ஜோக்குளு' என்றுதான் சொல்ல வேண்டும். 'ரட்ட்' போட்டால் பிள்ளைகளைப் பொருளாக எண்ணியதாகிவிடும். இருவர், மூவர் நம்மிடமும் உண்டு, ஆனால் பேச்சில் 'ரெண்டு பேர்' என்று சொல்லியே பழகிவிட்டதால் இங்கே நாக்கு தடுக்கும். வீட்டில் இருப்பவர்களைத் தினம் ஒரு முறை இப்படி எண்ணிப் பாருங்கள்.

வரிசை எண்ணுக்கு 'அனெ' சேர்த்தால் போதும்: ரட்டனெ, மூஜனெ.