பைபிள் கதையை வரைய வைக்கும்போது நாம் சொதப்பும் இடங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் மே மாத லீவு விட்டதும் வி.பி.எஸ். (சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி) தொடங்கிவிடும். முதல் நாளே நோவாவின் பேழைப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, "கலர் அடிங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் வருகைப் பதிவேடு எழுத உட்கார்ந்துவிடுவார். வகுப்பு அமைதியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கவனமெல்லாம் கலர் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கும், கதை ஒரு பக்கம் கிடக்கும். பேசாமல் வெறும் தாளைக் கொடுங்கள். யார் எங்கே நிற்கிறார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். கதை எவ்வளவு புரிந்தது என்பது அந்த முடிவில் தெரிந்துவிடும்.

அடுத்தது, முழுக் கதையையும் ஒரே தாளில் திணிப்பது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதை என்றால் ஒரு நிமிஷக் காட்சி போதும். காட்டத்தி மரம், கிளையில் ஒரு குச்சி மனிதன், கீழே கூட்டம். கூட்டத்தில் எல்லாருக்கும் தலை ஒரு வட்டம், மூக்கு பக்கவாட்டில் ஒரு சின்னக் கோடு. அப்புறம் கேளுங்கள்: "இதில் ஒருத்தர் மட்டும் அண்ணாந்து பார்க்கிறார், யாரு?" அந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் மூக்கை மேல் பக்கம் போடச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்ப்பவர் இயேசு. லூக்கா 19:5 அவ்வளவுதான், மூக்குக்கோடு ஒன்றிலேயே பாடம் முடிந்துவிட்டது. இதையே நீங்கள் போர்டில் அழகாக வரைகிறேன் என்று பத்து நிமிஷம் முதுகைக் காட்டி நின்றால் பின் வரிசை அதற்குள் ஒரு சண்டையைப் போட்டு முடித்திருக்கும். பக்கவாட்டில் நின்று, பேசிக்கொண்டே ஒவ்வொரு கோடாகப் போடுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. திமிர்வாதக்காரனை (உடம்பு முடங்கியவனை) நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசு முன்னால் இறக்கும் கதையை (மாற்கு 2) வரையச் சொன்னால், நம் பிள்ளைகள் சரிவான நாட்டு ஓட்டுக் கூரை, திண்ணை, நடுவில் முற்றம் என்று செட்டிநாட்டு வீட்டையே வரைவார்கள். வரைந்துவிட்டு ஒரு பொடியன் கேட்பான்: "முற்றம் வழியா இறக்கியிருக்கலாமே டீச்சர், எதுக்கு ஓட்டைப் பிரிக்கணும்?" இதை "தப்பு, அழி" என்று முடித்துவிடுவதுதான் பெரிய தவறு. பிரமாதமான கேள்வி அது! கதை நடந்த கப்பர்நகூமிலும் முற்றம் வைத்த வீடுகள் இருந்தன, ஆனால் அன்றைக்கு வாசலுக்கு முன்னாலேயே நிற்க இடமில்லை, இயேசு பேசியது கூரைக்குக் கீழே. அங்கே கூரை சரிவாக இருக்காது, தட்டையாக இருக்கும். மரச்சட்டம், குச்சி, மேலே மண் பூச்சு. அதனால் ஏறி நிற்கலாம், தோண்டவும் முடியும். இதைச் சொல்லிவிட்டு அவன் வரைந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே தட்டைக்கூரை வீட்டையும் வரைய வையுங்கள். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் ஏன் பிரித்தார்கள் என்பது தானாக விளங்கிவிடும். கலிலேயாக் கடலுக்கும் இதே கதைதான். பெயரில் கடல் இருந்தாலும் அது நன்னீர் ஏரி, நீளம் சுமார் 21 கிலோமீட்டர். பெரிய கண்மாய் மாதிரி என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

பைபிளில் இல்லாததைப் படத்தில் நுழைப்பதும் நிறைய நடக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. ஏதேன் தோட்டத்தில் விலக்கப்பட்ட கனி ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. சிங்கக் கெபியில் (குகையில்) போடப்பட்டபோது தானியேல் இளைஞன் இல்லை, கிழவர். பிள்ளை எப்படி வேண்டுமானாலும் வரையட்டும், நீங்கள் போர்டில் போடும்போது மட்டும் ஒருதரம் வசனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் ஆணி, முள்முடி, ரத்தமெல்லாம் வரையச் சொல்லாதீர்கள். பெரிய வெள்ளிப் பாடம் என்றாலும், உருண்டு கிடக்கும் கல்லும் திறந்த கல்லறையும் அவர்களுக்குப் போதும். ஓரியூர் போய்வந்த பிள்ளைகளுக்கு 1693-இல் அங்கே அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற பாதிரியார்) தலை வெட்டப்பட்டது தெரிந்திருக்கும், பெரியவர்களிடம் கேட்டிருப்பார்கள். அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லுங்கள், சின்ன வகுப்பில் வாளைத் தூக்கி நடுவில் வைக்க வேண்டாம். அவர் ரத்தத்தால் சிவந்ததாகச் சொல்லப்படும் அந்த ஊர்ச் செம்மண்ணை வரையட்டும்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று ஆரம்பித்தால் மறுநாளிலிருந்து அம்மாக்கள் வரைந்து கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளையின் தாளில் உங்கள் பேனாவால் கோட்டைத் திருத்தவும் வேண்டாம். "இவர் என்ன சொல்றார்?" என்று கேட்டு, அது சொல்வதை அப்படியே படத்துக்குக் கீழே எழுதிக் கொடுங்கள். சுவரில் ஒட்டுவதானால் எல்லாருடையதையும் ஒட்டுங்கள்.

அப்புறம், ஸ்கெட்ச் பேனா வாங்காதீர்கள். மூடி தொலைந்தால் மே மாத வெயிலில் மறுநாளே காய்ந்து போகும். கலர் பென்சிலே போதும், துருவி மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.