மார்கழிப் பனியில் செடான் காருடன் மலையேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியிலும் தையிலும் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து திம்பத்துக்கும் வால்பாறைக்கும் உதகைக்கும் ஏறுகிற செடான் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது ஆகிய மூன்று வேலைகளும் அந்த இரண்டு டயர்களின் மேலேயே விழுகின்றன. அவற்றின் பிடியைக் குறைப்பதும், ஒரே நேரத்தில் அவற்றிடம் இரண்டு வேலை வாங்குவதுமே பனிக்காலத் தவறுகளில் பெரியவை.

முதல் தவறு வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. டிக்கி பெரிதாக இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பிவிடுகிறோம். அது பின்சக்கரங்களுக்கு அப்பால் நீண்டிருப்பதால், அதில் ஏறும் பாரம் வண்டியின் பின்புறத்தை அமிழ்த்தி முன்புறத்தை லேசாக்குகிறது. ஏற்றத்தில் எடை மேலும் பின்னுக்குச் சாய, ஈரமான வளைவில் முன்டயர் வெறுமனே சுழல்கிறது. முகப்பு விளக்கின் ஒளியும் கூடவே மேலெழும்பிவிடும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கிடையே ஒருமுறை, விளக்கை டிம்மில் வைத்திருந்தும் எனக்கு எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஸ்டீயரிங்குக்கு அருகே இருந்த, விளக்கின் உயரத்தை மாற்றும் சிறு திருகை இரண்டு எண் தள்ளித் திருப்பியதும் ஒளி தார்ச்சாலையில் இறங்கி, ஓரத்து வெள்ளைக் கோடு துலங்கியது. பல கார்களில் இருக்கும் இந்தத் திருகைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம்.

மூடுபனியில் ஹை பீம் போடக் கூடாது. நீர்த்துளிகளில் பட்டு அந்த ஒளி நம் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டபடி ஓட்டினால், நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். வால்பாறையிலிருந்து ஆழியாறுவரை 40 கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சினின் பிடிமானமில்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அது சூடேறித் தன் பிடியை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது நல்லது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால், வளைவுக்குள் முன்டயர்களுக்குத் திருப்பும் வேலை மட்டுமே மிஞ்சும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கடைசி நொடியில் பிரேக்கை அழுத்துவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து வண்டியைத் திருப்ப உதவுமே தவிர, வழுக்கும் சாலையில் பிடியை உண்டாக்கித் தராது. டயரின் பட்டன், அதாவது சாலையைப் பற்றும் மேற்பரப்பு வரிகளின் ஆழம், 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் மலைப்பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

குளிருக்குப் பயந்து ஏசியை அணைத்துவிடுவதும் தவறுதான். உள்ளிருப்பவர்களின் மூச்சால் கண்ணாடியின் உட்புறம் பூக்கும் ஆவியை, ஏசியோடு சேர்ந்த வெப்பக் காற்றே விரைவில் போக்கும். வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மாறாக, சமவெளியின் பனியிரவில் ஏசியின் குளிர்ச்சியால் வெளிப்புறம் பூத்தால், வைப்பரை ஓட்டி, கண்ணாடியில் படும் குளிர்காற்றைக் குறைத்தால் போதும்.

உதகையில் தங்கி, விடியற்காலையில் கண்ணாடிமேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கக் கண்டால், வெந்நீரை ஊற்றாதீர்கள். திடீர் வெப்பத்தில் கண்ணாடி விரிசல் விடும். வைப்பரையும் உடனே போட வேண்டாம். ஒட்டியிருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, வெப்பக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், கீழ் விளிம்பிலிருந்து பனி மெல்ல இளகி வழியத் தொடங்கும். கண்ணாடி முழுவதும் தெளிந்த பிறகே கியரைப் போடுங்கள்.