மார்ட்டினி–ஹென்றி ரைஃபிள்: பிரிட்டனில் முதன்முறையாக வாங்குவோர் மதிப்பிடும் முறை

பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி–ஹென்றி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டாவை ஏற்றிச் சுடும் ரைஃபிள். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்; ஏனெனில் இதன் வரலாற்றில் பெரும்பகுதி இதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பணத்தை எடுப்பதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கொழிந்த தோட்டா அளவுகளின் பட்டியலில் உள்ள பழந்துப்பாக்கியை, காட்சிப்பொருளாக மட்டும் வைத்திருப்பவருக்கு உரிமம் வேண்டியதில்லை, மார்ட்டினி–ஹென்றியின் .577/450 என்ற அளவுள்ள தோட்டா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சுட எண்ணினால் உரிமம் கட்டாயம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே விலக்கு அளிக்கிறது என்பதால், ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம்.

அடுத்ததாக, கையில் எடுத்தவுடன் அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே இழுத்து, குழலின் பின்வாயை மூடும் அடைப்பு இறங்கியதும், உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். நூற்றைம்பது ஆண்டுப் பழைமையானாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

மூன்றாவது படிதான் அதிக நேரம் எடுக்க வேண்டியது. விசைக்கு மேலே உள்ள இரும்புப் பெட்டியின் வலப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்புங்கள். கிரீடம், அதன் கீழே விக்டோரியா அரசியைக் குறிக்கும் ‘வி.ஆர்.’ எழுத்துகள், ‘என்ஃபீல்டு’ அல்லது ‘பி.எஸ்.ஏ.’ (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) போன்ற தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, மாதிரியைச் சொல்லும் ரோமன் எண் ஆகியவற்றைத் தேடிப் படியுங்கள். இந்த ஆண்டும் எண்ணும் பல கதைகளை அங்கேயே முடித்துவிடும். தென்னாப்பிரிக்காவின் இசண்டில்வானாவிலும் ரோர்க்ஸ் டிரிஃப்டிலும் சூலு வீரர்களுடன் பிரிட்டிஷ் படையின் போர் நடந்தது 1879 ஜனவரி 22, 23 தேதிகளில். மூன்றாம் மாதிரி அதே ஆண்டில் அதற்குப் பிறகே ஏற்கப்பட்டது. ஆகவே 1886 என்று பொறித்த துப்பாக்கியை ‘சூலு போரில் இருந்தது’ என்று ஒருவர் உயர்ந்த விலைக்கு விற்க முன்வந்தால், மறுப்பதற்கு அந்த நான்கு இலக்கங்களே போதும்.

கைபர் கணவாய்ப் பகுதியின் பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட நகல்கள் ஏராளம் என்பதால், எழுத்துகளின் வடிவத்தையும் உற்றுப் பாருங்கள். ஒரு பழம்பொருள் சந்தையில் நான் பார்த்த ரைஃபிளில், என்ஃபீல்டு என்ற ஆங்கிலச் சொல்லின் ‘என்’ எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பியிருந்தது. எழுத்தறியாத கொல்லர் அச்சைப் பார்த்து வெட்டியதன் அடையாளம் அது. அரசி 1901இல் இறந்த பிறகான ஆண்டோடு ‘வி.ஆர்.’ இருந்தாலும் இதே முடிவுதான். நகலுக்கும் தனி வரலாறு உண்டு, ஆனால் அதற்கு அசலின் விலை கொடுக்கக் கூடாது.

பிறகு குழலுக்குள் ஒரு சிறிய விளக்கைப் பிடித்துப் பாருங்கள். குண்டைச் சுழலவைக்க, குழலை வடிவமைத்த ஹென்றி உட்புறத்தில் வகுத்த ஏழு சுழல்வரிகளும் தெளிவாகத் தெரிந்தால் மதிப்பு ஏறும். கரிமருந்தின் எச்சம் துருவாகி உட்புறத்தை அரித்திருந்தால் இறங்கும். அடிக்கட்டையில் விரிசல், மாற்றப்பட்ட திருகுகள், இல்லாமல் போன சுத்தக்கோல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பளபளவென்று மெருகேற்றிய இரும்பைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த மெருகில் முத்திரைகளின் விளிம்பும் காலம் ஏற்றிய நிறமும் போய்விடும், போனது திரும்பாது.

விலையை முடிவு செய்ய, கடைகள் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் விற்றுப்போன தொகைகளைத் திரட்டுங்கள். அதே மாதிரி, அதே தயாரிப்பாளர், ஏறக்குறைய அதே நிலை என்று ஒப்பிட வேண்டும். ஏலத்தொகைக்கு மேல் ஏலக்கூடத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அடிக்கட்டையின் பின்முனையை மூடும் அடித்தகட்டில் படைப்பிரிவின் எண் இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். அது பின்னாளில் வெட்டப்பட்டதல்ல என்று நீங்களே நம்பும் வரையில் கொடுக்காதீர்கள்.