தடைக்காலம் முடிந்து திறந்த லேப்டாப்: அப்டேட்டுக்குப் பிறகு டெபியன் அடம்பிடித்தால்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் என் அக்கா மகன் கணக்கு எழுதும் மீன் கமிஷன் கடையில் அந்த நாட்களில் லேப்டாப்பை யாரும் தொடுவதில்லை. விசைப்படகு போகாதபோது எழுத வரவும் இல்லை. படகுகள் மறுபடி கடலில் இறங்கும் அன்றுதான் லேப்டாப்பும் திறக்கும். இரண்டு மாத அப்டேட்டும் ஒரே மூச்சில் வந்து இறங்கும்.

போன முறை அது பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப், அப்படியே அணைந்தது. மறுபடி போட்டால் டெஸ்க்டாப் வரவில்லை. "மாமா, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து மட்டும் நிக்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுரவா?" என்று ஃபோன் செய்தான். வேண்டாம் என்றேன். ஃபோனிலேயே சொல்லச் சொல்ல அவன் தட்டினான், முக்கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று சொன்னதையும், மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் சில பழைய கணினிகளில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த லேப்டாப்பில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். மேலே சாளரங்களை மேய்க்க ஓப்பன்பாக்ஸ், கீழ்ப்பட்டைக்கு டின்ட்2, உள்நுழையும் திரைக்கு லைட்டிடிஎம். இப்படி ஒவ்வொன்றும் தனித்தனியான சின்ன நிரல். பழைய இயந்திரத்தில் வேகமாக ஓடுவதற்கு இதுதான் காரணம். அப்டேட்டுக்குப் பிறகு குழப்பம் வருவதற்கும் இதுவேதான் காரணம். பெரிய டெஸ்க்டாப்பில் பட்டை, வைஃபை ஐகான், கடவுச்சொல் பெட்டி எல்லாவற்றையும் ஒரே இடம் கட்டி மேய்க்கும். இங்கே நாமே கோத்து வைத்த கயிறுதான். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அந்த ஒன்று மட்டும் காணாமல் போகும், மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும். அதனால் எது அவிழ்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

கட்டளைகளை ஃபோனில் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். சூடோ என்பது எஸ்-யூ-டி-ஓ (டெபியனின் டி); நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். ஆப்ட் என்பது ஏ-பி-டி (பாம்பனின் பி, தமிழின் டி); நிரல்களை நிறுவி நீக்கும் கருவி. வார் என்பது வி-ஏ-ஆர். கோடும் சாய்கோடும் புள்ளியும் எழுதியிருக்கிறபடியே. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி.

முதலில் எழுத்துத் திரைக்கு வாருங்கள்

டெஸ்க்டாப் வராவிட்டாலும் உள்ளே லினக்ஸ் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது, பயப்பட வேண்டாம். திரும்பிப் போக அதே கூட்டில் எஃப்7, அல்லது எஃப்1.

உள்ளே வந்ததும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்:

டிஎஃப் -ஹெச்

ஒற்றைச் சாய்கோடு என்று காட்டும் வரியிலோ /பூட் வரியிலோ 100% என்று இருந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. இறக்கி வைத்த பொதிகளை (நிரல் மூட்டைகளை) துடைக்க "சூடோ ஆப்ட் கிளீன்". கணினி தன் நடப்பை எழுதி வைக்கும் பதிவேடு பெருத்திருந்தால் "சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம்", இதில் எம் மட்டும் பெரிய எழுத்து. இடம் இல்லாத வட்டில் வேறு எதைச் சரிசெய்தாலும் நிற்காது, அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

பாதியில் நின்றதை முடியுங்கள்

கரண்ட் போய் நின்ற அப்டேட்டுக்கு மருந்து இரண்டு வரி:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதல் வரி, இறங்கி விரிந்தும் அமைக்கப்படாமல் கிடக்கும் பொதிகளை அமைத்து முடிக்கும். இரண்டாவது, ஒன்றை நம்பி இருக்கும் இன்னொன்று வராமல் போயிருந்தால் அதைக் கொண்டுவரும். பாம்பன் லேப்டாப்புக்கு இந்த இரண்டும், பின்னால் வரும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வேலையும்தான் தேவைப்பட்டன.

பூட்டு கிடைக்கவில்லை, லாக்-ஃபிரண்டெண்ட் என்று ஏதாவது சொன்னால், பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடுகிறது என்று பொருள். பத்து நிமிடம் பொறுங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட்டின் மேல் இன்னொன்றை ஏற்றினால் பொதிப் பட்டியலே கெட்டுப்போகும்.

அமைக்கும்போது நடுவில் ஒரு கேள்வி வரலாம்: நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? ஒய் என்றால் புதியது, என் என்றால் உங்களுடையது. எதுவும் தட்டாமல் என்டர் அடித்தால் உங்களுடையதே இருக்கும், புதுசு பக்கத்தில் .டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பத்திரமாக உட்காரும். பழகும்வரை என்டரே போதும்.

என்ன நடந்தது என்று படியுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. வலை கிழிந்தால் ஊசியை எடுப்பதற்கு முன் மணலில் விரித்துப் பார்ப்பார்கள் அல்லவா? இங்கே விரித்துப் பார்க்க ஒரு கோப்பு இருக்கிறது:

லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்

ஷிஃப்ட்டும் ஜி-யும் அழுத்தினால் கடைசிக்குப் போகும். வெளியே வர க்யூ. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஆரம்பித்த நேரம், தட்டிய கட்டளை, புதிதாக வந்தவை, மேம்பட்டவை, நீக்கப்பட்டவை என்று பத்தி பத்தியாக இருக்கும். மேம்பட்டவற்றில் பழைய எண்ணும் புதிய எண்ணும் அடைப்புக்குள் சேர்ந்தே இருக்கும்.

நான் முதலில் தேடுவது "ரிமூவ்" என்று தொடங்கும் வரியை. சின்ன டெஸ்க்டாப்பில் அதிகம் கெடுப்பது அதுதான். உச்சிப்புளியில் ஒரு டியூஷன் சென்டர் கணினியில் வைஃபை ஐகானும் கடவுச்சொல் கேட்கும் பெட்டியும் ஒரே நாளில் மறைந்துவிட்டன. பதிவேட்டைப் பார்த்தால், இடம் பிடிக்கிறது என்று அவர்கள் "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்" ஓட்டியிருந்தார்கள். ஒரு பெரிய பொதியோடு துணையாக வந்தவை அவை. பெரியதை முன்பே நீக்கியிருந்ததால், துணைகளை ஆப்ட் அநாதை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ரிமூவ் வரியில் இருந்த பெயர்களை அப்படியே பார்த்து மறுபடி நிறுவினோம். நாமே பெயர் சொல்லி நிறுவியதை ஆப்ட் இனி அநாதையாக எண்ணாது. ஏற்கெனவே இருப்பதைக் காக்க "சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்" என்று தட்டி, பின்னால் பொதியின் பெயர்.

அடுத்து, இந்த முறை கணினி எழுந்தபோது வந்த பிழைகள்:

சூடோ ஜர்னல்சிடிஎல் -பி -பி எர்

முதல் பி, ஆங்கில வரிசையில் ஏ-வுக்கு அடுத்து வரும் பி. இரண்டாவது, பாம்பனில் வரும் பி. எர் என்பது இ-ஆர்-ஆர். எல்லாக் கணினியிலும் நாலைந்து சிவப்பு வரி எப்போதும் இருக்கும். அப்டேட் நாளிலிருந்து புதிதாக வந்தது எது என்பதைப் பாருங்கள். தோற்றுப்போன சேவைகளைக் காண "சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு".

கணினி எழவே இல்லையென்றால்: பழைய கெர்னல்

டெபியன் புதிய கெர்னல் போடும்போது முந்தையதை உடனே தூக்கி எறிவதில்லை. தொடங்கும்போது வரும் நீலத் திரைப் பட்டியலில் இரண்டாவது வரி, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ். உள்ளே போய் எண் குறைந்த கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலே தெரியாவிட்டால் பழைய பயாஸ் இயந்திரத்தில் ஷிஃப்ட், புதியதில் எஸ்கேப்.

பழையதில் எழுந்துவிட்டால் புதிய கெர்னல் பாதியில் அமைந்திருக்கிறது, அல்லது உங்கள் வன்பொருளுக்கு ஒத்துவரவில்லை. முதலாவதற்கு:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்
சூடோ அப்டேட்-கிரப்

மறுபடி தொடங்கிப் பாருங்கள். அப்போதும் எழாவிட்டால் இப்போதைக்குப் பழையதிலேயே வேலையை ஓட்டலாம், அடுத்த கெர்னல் அப்டேட்டில் பல நேரம் சரியாகிவிடும்.

கடவுச்சொல் சரி, ஆனால் திரும்பவும் அதே உள்நுழைவுத் திரை

இடம் தீர்ந்திருந்தாலும் இப்படி ஆகும், அதை மேலேயே பார்த்துவிட்டோம். இடம் இருந்தும் இப்படி என்றால் எழுத்துத் திரையில் "எல்எஸ் -எல் .எக்ஸ்ஆத்தாரிட்டி" என்று பாருங்கள். புள்ளிக்கு அடுத்த எக்ஸ் பெரிய எழுத்து, மீதி சின்னது. உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் ரூட் (நிர்வாகி) என்று இருந்தால் அதுதான் கோளாறு. "சூடோ எம்வி" போட்டு அதற்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். அடுத்த முறை உள்ளே போகும்போது புதிதாக உருவாகும்.

உள்ளே வந்தாயிற்று, பட்டையைக் காணோம்

வெறும் சாம்பல் திரை, வலது சொடுக்கினால் மட்டும் மெனு வருகிறது. ஓப்பன்பாக்ஸ் ஓடுகிறது, அதற்கு மேல் எதையும் யாரும் கிளப்பவில்லை. மெனுவில் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து டின்ட்2 என்று தட்டுங்கள். பட்டை வந்தால் நிரல் நன்றாகத்தான் இருக்கிறது. தொடக்கப் பட்டியலில்தான் கோளாறு. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று டெர்மினலிலேயே எழுதும், அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பட்டியல் இருக்கும் இடம், உங்கள் வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டரில்) .கன்ஃபிக்/ஓப்பன்பாக்ஸ்/ஆட்டோஸ்டார்ட். ஒவ்வொரு வரி முடிவிலும் "&" குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரியில் அது விட்டுப்போனால், அந்த நிரல் மூடும்வரை அடுத்த வரி காத்தே கிடக்கும்.

பட்டியலும் சரி என்றால் உங்கள் அமைப்பே புதிய பதிப்போடு மோதுகிறதா என்று சோதிக்கலாம். ஓப்பன்பாக்ஸ் அடைவின் பெயரை "எம்வி" கட்டளையால் மாற்றி, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். இப்போது /ஈடிசி/எக்ஸ்டிஜி/ஓப்பன்பாக்ஸ் அடைவில் உள்ள பொது அமைப்பை அது எடுத்துக்கொள்ளும். அப்போது எல்லாம் சரியாக நடந்தால் பழைய கோப்புகளை ஒன்று ஒன்றாகத் திருப்பி வையுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் வைத்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

வைஃபை, கடிகாரம், ஒலி

வைஃபை போனால் முதலில் ஃபோனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போடுங்கள். நெட் இருந்தால்தான் மற்றதைச் சரிசெய்ய முடியும். பிறகு "என்எம்சிஎல்ஐ டிவைஸ்" தட்டி வைஃபை அட்டை பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது அட்டைக்குள் ஏற வேண்டிய சின்ன நிரல், இல்லாததுதான் காரணம். டெபியன் 11-இலிருந்து 12-க்கு வந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 12 வெளிவந்த 2023-இல் ஃபர்ம்வேர் பொதிகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டன. /ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் மெயின் என்ற சொல்லுக்குப் பின் அந்தப் பெயரையும் சேர்த்து, "சூடோ ஆப்ட் அப்டேட்" ஓட்டி, அட்டைக்கு உரிய ஃபர்ம்வேரை நிறுவுங்கள். இன்னொன்று: 32 பிட் மட்டுமே தாங்கும் பழைய இயந்திரமாக இருந்தால் 13-க்குத் தாவ வேண்டாம். 2025-இல் வந்த அந்தப் பதிப்பில் 32 பிட் கணினிக்குக் கெர்னல் இல்லை.

அப்டேட்டே தொடங்காமல், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்கிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். தடைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த லேப்டாப்பில், உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உப்புக் காற்று படும் இடத்தில் அதன் தகடு பூத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு "சூடோ டேட் -எஸ்" என்று தட்டி, மேற்கோள் குறிக்குள் வருடம்-மாதம்-நாள், ஓர் இடைவெளி, மணி:நிமிடம் கொடுங்கள். பிறகு பேட்டரியை மாற்றுங்கள்.

ஒலி போனால் "அல்சாமிக்சர்" தட்டி, எம்எம் என்று இருக்கும் தூணில் எம் அழுத்தினால் திறக்கும். பாதிப் பேருக்கு அவ்வளவுதான்.

தமிழ்த் தட்டச்சு

கணக்கில் மீன் பெயர் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது நின்றால் வேலையே நின்றது போல. ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வைத்திருந்தால் டெர்மினலில் "ஐபஸ்-டீமன் -டிஆர்எக்ஸ்" என்று கிளப்புங்கள். தமிழ்99 திரும்பி வந்தால், அதே வரியை மேலே சொன்ன ஆட்டோஸ்டார்ட் கோப்பில் "&" குறியோடு சேர்த்துவிடுங்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது தட்டச்சுக் கோளாறு அல்ல, எழுத்துரு நீங்கியிருக்கிறது. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்" போதும்.

ஒரு பொதி மட்டும் கெட்டிருந்தால்

"ஆப்ட் பாலிசி" என்று தட்டி, பின்னால் பொதியின் பெயர் கொடுத்தால் கிடைக்கும் பதிப்புகளைக் காட்டும். பழையது அதில் இருந்தால் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால்" போட்டு, பெயரையும் பதிப்பு எண்ணையும் சமக்குறியால் இணைத்துத் தட்டுங்கள். பிறகு "சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு" போட்டு நிறுத்தி வைக்கலாம். பிரவுசரை மட்டும் இப்படி நிறுத்தி வைக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வராமல் போகும், வங்கிக் கணக்கைத் திறக்கும் இயந்திரத்தில் அது ஆபத்து.

இப்போது பாம்பன் கடையில் மாலைக் கணக்கு முடிந்த பிறகுதான் அப்டேட் போடுகிறான், அதுவும் பக்கத்துக் கடையின் யூபிஎஸ்ஸில் செருகி. முன்னதாக டைம்ஷிஃப்ட்டில் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறான். வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும், "யூநேம் -ஆர்" காட்டும் கெர்னல் எண்ணும் பேனாவில் எழுதி வைத்திருக்கிறான். அடுத்த முறை ஃபோன் வந்தால் நான் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பேன்.