மலையகக் காற்றுக்கு ஏற்ற சவுரி முடி: சுருட்டையா, நெளியா, கோரையா?

ஆவணி முகூர்த்தத்தில் ஹட்டனில் நடக்கும் கல்யாணத்துக்கும் பண்டாரவளையில் நடக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வகைச் சவுரி முடி பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில் மழையையும் மூடுபனியையும் கொட்டிவிட்டு, மறுபக்கத்தில் பதுளையும் பண்டாரவளையும் இருக்கும் ஊவா மாகாணத்துக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. அதனால் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் தலைமுடி ஈரம் குடித்து உப்பி நிற்கும் அதே வாரத்தில், பதுளைப் பக்கத்தில் அது காய்ந்து, சீப்பை வைத்தவுடன் பறந்து நிற்கும். முடி வாங்கும்போது முகவெட்டையும் புடவையின் நிறத்தையும் பற்றி அரைமணி நேரம் பேசுகிறோம். அதை எந்த ஊரில், எந்த மாதத்தில் அணியப்போகிறோம் என்பதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

முடியின் வடிவத்தை அதன் கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றுள் கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை. அவை தண்ணீர் பட்டதால் மட்டும் அவிழ்ந்துவிடுவதில்லை. ஐதரசன் பிணைப்புகளோ தண்ணீர் பட்டதும் அவிழ்ந்து, காய்ந்ததும் அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி பூட்டிக்கொள்கின்றன. ஐயன் என்ற சூட்டுக்கருவியால் நீட்டிய முடி மண்டபத்து வாசலில் மூடுபனி பட்டதும் நெளியத் தொடங்குவதும், சுருட்டிவிட்ட முடி தொங்கிப்போவதும் இதனால்தான். மனித முடியால் செய்த சவுரியும் இந்த விதிக்கு உட்பட்டதே. செயற்கை இழை அப்படியல்ல. தொழிற்சாலையில் சூட்டினால் கொடுத்த வடிவம் பனியிலும் மாறாது என்பது அதன் பலம். பக்கத்தில் உங்கள் சொந்த முடி உப்பி நிற்க, அது மட்டும் அசையாமல் கிடந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் பலவீனம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கடையில் தொங்கும் முடியை அல்ல, உங்கள் தலையில் இருப்பதை. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து, சீப்புப் போடாமல், டிரையர் பிடிக்காமல், தானாகக் காயவிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதே உங்கள் முடியின் உண்மையான தன்மை. நேராக விழுந்தால் கோரை. எஸ் வடிவில் வளைந்தால் நெளி. திருகித் திருகி வளையமானால் சுருட்டை. நம்மில் பலர் ஆண்டுக்கணக்காக எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியே பழகியதால், நெளிமுடியைக் கோரைமுடி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் அணிவதற்கு என்னுடைய தேர்வு தளர்ந்த நெளிமுடியே. பனியில் சொந்த முடி சற்று உப்பினாலும் நெளிக்குள் அது மறைந்துவிடும். கோரையில் சொந்த முடி முடிந்து வாங்கிய முடி தொடங்கும் இடம் ஒரு கோடாகவே தெரியும். சொந்த முடியே அசல் கோரையாக இருப்பவர்களுக்கு மட்டும் கோரைச் சவுரி அங்கே சரிவரும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழாகிறது. அந்த வறட்சியில் கோரைமுடி நீட்டியபடியே நிற்கும்; ஆனால் செயற்கைக் கோரை மின்னேற்றம் பெற்று, பட்டுப் புடவையிலும் கம்பளிச் சால்வையிலும் ஒட்டிக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழையைக் கொண்டுவருவதால், தைக் கல்யாணத்துக்குப் பதுளைக்காரர்களும் ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுருட்டை வாங்குவோர் நீளத்தில் ஏமாறக்கூடாது. சுருட்டையை இழுத்து நீட்டித்தான் அளக்கிறார்கள் என்பதால், 20 அங்குலம் என்று விற்கப்படுவது தலையில் அதைவிட நன்றாகக் குட்டையாக நிற்கும். அதற்கு ஈடாக, அதே எடையுள்ள சுருட்டை கோரையைவிட அடர்த்தியாகத் தெரியும். தலை முழுவதும் நிறைக்கக் கோரையில் ஏறத்தாழ 120 கிராம் தேவைப்பட்டால், சுருட்டையில் அதற்குக் குறைவாகவே போதும்.

மனித முடி என்று சொல்லி விற்பதை எரித்துப் பார்ப்பது பழைய, ஆனால் நம்பகமான சோதனை. கடைக்காரரிடம் கேட்டு இரண்டொரு இழையை வாங்கி நெருப்பில் காட்டுங்கள். மனித முடி இறகு கருகும் வாடையோடு எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சிறு கட்டியாக இறுகும். அடுத்தது தடவிப் பார்ப்பது. முடியின் மேற்புறச் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருப்பவை. வேரும் நுனியும் மாறாமல் அடுக்கிய முடி, மேலிருந்து கீழே தடவும்போது வழுக்கும், கீழிருந்து மேலே தடவும்போது சொரசொரக்கும். இதைத்தான் கடைகளில் ரெமி என்கிறார்கள். சீப்பில் உதிர்ந்த முடியைப் பொறுக்கிச் சேர்த்ததில் செதில்கள் எதிரெதிராகக் கிடப்பதால், அவற்றை அமிலத்தால் அகற்றிச் சிலிக்கோன் பூசிவிடுகிறார்கள். கடை வெளிச்சத்தில் மின்னும் பளபளப்புக்கு அதிகம் மயங்க வேண்டாம். சில முறை கழுவியதும் பூச்சு போய், முடி சிக்காகிவிடும். இந்தியாவின் திருப்பதி திருமலைக் கோயிலில் நேர்த்திக்கடனாக இறக்கும் முடியைத் தேவஸ்தானமே ஏலத்தில் விற்கிறது. ஆனால் திருப்பதி முடி என்ற பெயரில் கைக்கு வருவதெல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு அந்தப் பெயர் மட்டும் சாட்சியாகாது. நெருப்பையும் விரலையும் நம்புங்கள்.

மனித முடியில் கிடைக்கும் நெளியும் சுருட்டையும் பெரும்பாலும் கோரையை அச்சில் சுற்றி நீராவியில் அவித்துப் பதித்தவை. அப்படிப் பதித்த சுருளை மிகுந்த சூட்டில் நீட்டினால், அது பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். இரண்டு தோற்றமும் வேண்டும் என்பவர்கள் கோரையையோ மெல்லிய நெளியையோ வாங்கி, வேண்டியபோது சுருட்டிக்கொள்வதே மேல்.

அணியும் நாளுக்கு முதல்நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், சவுரிப் பட்டையில் தைத்திருக்கும் கிளிப் வழுக்கிவிடும். முன்நெற்றியிலிருந்தும் பிடரியிலிருந்தும் இரண்டு விரல் உள்ளே தள்ளி வகிடெடுத்து, அந்த இடத்து முடியின் அடிப்பகுதியைச் சீப்பால் பின்னோக்கிச் சற்றுக் கோதி அடர்த்தியாக்கி, அதன்மேல் கிளிப்பைக் கோத்தால் பிடிமானம் கிடைக்கும். அகலமான பட்டை காதுமட்டத்தில் பின்தலைக்கும், சிறியவை பக்கங்களுக்கும் போக வேண்டும். உச்சியில் எதையும் மாட்ட வேண்டாம். பின்னலில் வைக்கும் மூன்று கால் (மூன்று பிரி) சவுரியைச் சொந்த முடியில் இரண்டு மூன்று பின்னல் போட்ட பிறகு, உள்பக்கமாக வைத்துச் சேர்த்தால் முடிச்சும் மறையும், பாரமும் பரவும். சடங்கு வீட்டில் சிறு பிள்ளையின் தலையில் சவுரி, சடைநாகம், குஞ்சம், பூ என்று ஏற்றும்போது அந்தப் பாரம் முழுவதையும் இழுத்துப் பிடிப்பது மெல்லிய முடிவேர்கள் என்பதை நினைவில் வைத்து, படம் எடுத்து முடிந்தவுடன் கழற்றிவிடுங்கள். தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சிணுங்கல் அல்ல. இழுபட்டுக்கொண்டே இருக்கும் வேர், நாளடைவில் முடியை நிரந்தரமாகவே இழக்கக்கூடும். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்தும் வேலை செய்பவர்கள், கயிறு படியும் இடத்தில் ஒருபோதும் கிளிப் மாட்டக்கூடாது. அவர்களுக்கு இது விசேட நாளின் பொருளாக மட்டும் இருக்கட்டும்.

அலங்கரிப்பதில் சுருட்டைக்கும் கோரைக்கும் முறை வேறு. சுருட்டையைக் காய்ந்த நிலையில் சீவினால் சுருள் கலைந்து பஞ்சாகிவிடும். ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். பிறகு கற்றை கற்றையாக விரலில் சுற்றிவிட்டு, கையால் தொடாமல் காயவிட வேண்டும். கிளிசரின் கலந்த கிரீம்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை என்பதால் பனிக்காலத்தில் முடியை மேலும் உப்பவைக்கும்; வறண்ட காற்றிலோ முடிக்குள் இருக்கும் ஈரத்தையே வெளியே இழுத்துவிடும். மலையின் இருபுறத்துக்கும் அவை அளவோடுதான்.

மனித முடிக் கோரைக்கு ஐயன் போடும்போது 150 பாகை செல்சியசில் தொடங்கி, தேவையானால் மட்டும் 180 வரை போகலாம். முடி முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஈர முடியில் சூடு பட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து இழைக்குள் குமிழிகளை உண்டாக்கி அதை உடைக்கும். செயற்கை இழைக்கு, சூடு தாங்கும் என்று பொதியில் எழுதியிருந்தாலொழிய ஐயன் வேண்டவே வேண்டாம். சூடில்லாமல் நெளி வேண்டுமானால், சற்றே ஈரமான மனித முடியை நான்கு பின்னலாகப் போட்டுக் காயவிட்டு அவிழ்த்தால் போதும். நுவரெலியாவின் குளிரில் அது ஓர் இரவில் காயாது, பகலிலேயே தொடங்கிவிடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம், சொந்த முடியையே நிரந்தரமாக மாற்றிவிடலாம் என்று எண்ணுவோருக்குச் சுருக்கமாக இரண்டு செய்திகள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், இரசாயனத்தால் முடியை நேராக்கும் ரீபொண்டிங் செய்த ஆறு மாதத்தில் வேர்ப்பக்கம் பழைய சுருட்டை தெளிவாகத் தெரியும். கெரட்டின் என்ற பெயரில் செய்யும் சில நீட்டல் சிகிச்சைகளில், சூடு பட்டதும் போமல்டிகைட்டு வாயு வெளிப்படுகிறது. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. கண் எரிந்தால் எழுந்து வெளியே வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கழுவுவதைவிடக் காயவைப்பதே நமது ஊரில் கடினம். மிதமான ஷம்புவில் அலசிய முடியைப் பிழியாமல் துவாயில் ஒற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் விரித்து வையுங்கள். குளிருக்குப் பயந்து அடுப்பங்கரையில் தொங்கவிட்டால் விறகுப் புகை வாடை ஏறிவிடும். செயற்கை இழை அனலில் சுருங்கியும் போகும். ஸ்வெட்டர் கழுத்தில் உராய்ந்து பிடரிப்பக்கம் சிக்கு விழுவதால், ஒவ்வொரு முறை கழற்றியதும் அந்த இடத்தை முதலில் பிரித்துவிடுங்கள். சற்று ஈரம் இருந்தாலும் பொலித்தீன் பைக்குள் போட்டு மூடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பின் கோரையைத் தளர்வாகப் பின்னியும், சுருட்டையைப் பின்னாமல் வளையமாகச் சுற்றியும், பருத்தித் துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.